கதவைத் தட்டினோமா?

விழாவுக்குத் தலைமை தாங்கும் தலைமையாசிரியை குன்வோர் அவர்களே, பெற்றோர் குழுத் தலைவரும் என் பக்கத்து வீட்டுக்காரருமான தோர்கைர் அவர்களே, ஆலங்கட்டி மழையிலும் அணிவகுப்பை விட்டுக்கொடுக்காத ஆன்றோரே, கேக் மேசைக்குப் பின்னால் கோட்டை காத்து நிற்கும் அன்னையரே, ஒரே ஒரு கேக்கைச் சுட்டுவிட்டு அதை ஊரெல்லாம் சொல்லித் திரியும் தந்தையரே, காலை முதல் ஊதி ஊதி உதடு சிவந்த வாத்தியக் குழுச் செல்வங்களே, இது எத்தனையாவது ஐஸ்கிரீம் என்பதையே மறந்துவிட்ட மழலையரே, அனைவருக்கும் நம் தேசிய நாளான மே பதினேழின் வணக்கம்.

மேடையேறிய பேச்சாளன் இரு கைகளையும் உயர்த்தி வணங்குவதுதான் அழகு. நான் ஒரு கையைத்தான் உயர்த்துகிறேன். காரணத்தை மறைத்துப் பயனில்லை. முன்வரிசையில் இருப்பவர்கள் பார்த்துவிட்டீர்கள். கொடியேற்றும்போது குனிந்தேன். என் திருமணத்துக்குத் தைத்த மரபுடைக் கால்சட்டையின் இடுப்பு வெள்ளிப் பொத்தான் தெறித்துப்போய், வாத்தியக் குழுவின் டூபா என்னும் பெரிய ஊதுகுழலுக்குள் விழுந்தது. தேசிய கீதத்தின் இரண்டாம் அடியில் நீங்கள் கேட்ட கடகட ஓசை அதுதான்.

ஒன்பது வயதான என் மகள், தீரில் என்று பெயர், ஓடிவந்தாள். தன் பையிலிருந்து ஒரு கயிற்றை எடுத்து என் இடுப்பைச் சுற்றினாள்.

"அசையாதப்பா. மூச்சை உள்ள இழு. இன்னும் இழு. இவ்வளவும் உன் வயிறுதானா?" என்றாள்.

கட்டிவிட்டுப் போய்விட்டாள். கயிற்றை நம்புகிறேன். ஆனாலும் ஒரு கை இடுப்பிலேயே இருக்கட்டும்.

அன்பர்களே, நான் அதிகம் படித்தவன் அல்லன். ஒன்பதாம் வகுப்போடு பள்ளி என்னைப் பேருந்துப் பணிமனைக்கு வழியனுப்பி வைத்தது. அதில் இரு தரப்புக்கும் நிம்மதி. அப்படிப்பட்டவனிடம், "ஆரோக்கியமும் சுறுசுறுப்பும் ஆர்வமும் உள்ள குழந்தைகளை வளர்ப்பது எப்படி" என்று தலைப்பைக் கொடுத்தார் தோர்கைர். "நீ பேசு ஒட்வார், யாரும் பெருசா எதிர்பார்க்க மாட்டாங்க" என்று தைரியமும் கொடுத்தார். தலையாட்டுகிறார், பாருங்கள்.

பேசுகிறேன். பொறுத்துப் பொறுத்துப் பார்த்து, பல்லைக் கடித்துக் கடித்துப் பார்த்து, இனி கடிக்கப் பல்லில்லை என்பதால் பேசுகிறேன்.

ஏப்ரலில் நம் கூட்டுப்பணி நாள் வந்தது. கூலி கிடையாது, காபியும் இலவங்கப்பட்டை பன்னும் உண்டு. வராதவரை யாரும் ஒரு வார்த்தை சொல்ல மாட்டோம், வெறுமனே பார்ப்போம். அந்தப் பார்வைக்குப் பயந்தே ஊர் முழுக்கத் திரண்டுவிடும். அன்றும் திரண்டோம். வாரினோம், வெட்டினோம், வழித்தோம். பள்ளித் திடல் பளபளத்தது. அப்போதும் நமக்கு வேகம் அடங்கவில்லை. பின்னாலிருக்கும் காட்டுக்குள் நுழைந்தோம்.

அங்கே குழந்தைகளின் குடில் இருந்தது. குளிர்காலம் முழுவதும் கட்டிய குடில். கிளைகளும் பலகைகளும், கிழிந்த தார்ப்பாயும், யாரோ கழற்றிப்போட்ட ஒரு கதவும், என் பணிமனையில் கெஞ்சி வாங்கிய பேருந்து இருக்கையும் சேர்ந்த குடில். நாம் என்ன செய்தோம்? குப்பை என்றோம். கூட்டினோம், குவித்தோம், கொண்டுபோய்க் கொட்டினோம். ஏற்றிச் சென்ற இழுவண்டி என்னுடையது. அதன் பிறகு வெறுந்தரைக்கு முன்னால் வரிசையாக நின்று படம் எடுத்து, "குழந்தைகளின் நலனுக்காக" என்று அடியில் எழுதியும் போட்டோம்.

திங்கட்கிழமை தீரில் வந்தாள்.

"அப்பா, எங்க வீட்டைக் காணோம்."

"அது... குப்பைன்னு நெனச்சுட்டோம்மா."

"கதவு இருந்துச்சே."

"இருந்துச்சு."

"கதவுல 'தட்டிவிட்டு வரவும்'னு எழுதியிருந்தோமே. தட்டினீங்களா?"

பெரியோரே, தட்டினோமா? தாய்மாரே, தட்டினோமா? காபிக் குவளையும் கையுமாய் நின்ற கனவான்களே, நம்மில் ஒருவராவது தட்டினோமா?

அதன் பிறகு குழந்தைகள் பள்ளிச் சுவரோரம் வரிசையாக உட்கார்ந்தார்கள், கையில் கைப்பேசியோடு. உடனே நாம் புலம்பினோம்: இந்தக் காலத்துப் பிள்ளைகள் அசைவதே இல்லை. உடனே குழு கூடியது. ரப்பர் தரை போட்ட திடல் என்றார்கள். செவ்வாய்தோறும் சுதந்திர விளையாட்டு, பெரியவர் மேற்பார்வையில் என்றார்கள். சுதந்திரத்துக்கு மேற்பார்வையா? ஆர்வத்துக்கு அட்டவணையா? ஓடுவதற்கு ஒப்புதலா? என் தலையில் மிச்சமிருந்த முடி அன்றுதான் போனது.

இப்போது கேளுங்கள். கொஞ்ச நாளாகப் பள்ளி விட்டதும் பிள்ளைகள் மாயமாகிறார்கள். சாப்பாட்டு வேளைக்குச் சேற்றோடும் சிரிப்போடும் வருகிறார்கள். மீன் உருண்டையை முகர்ந்து பார்த்துவிட்டு ஓடுகிற என் மகள், இப்போது தன் தட்டை முடித்துவிட்டு என் தட்டைப் பார்க்கிறாள். படுத்ததும் தூங்குகிறாள். நடுவில் கேள்வி வேறு.

"ஒரு பலகை எவ்வளவு எடை தாங்கும்னு எப்படிக் கண்டுபிடிக்கிறது?"

"உடைஞ்சாத்தான் தெரியும்."

"அது எங்களுக்கே தெரியும். அதுக்கு முன்னாடி தெரிஞ்சுக்கணும்."

ஆரோக்கியம் வந்துவிட்டது. சுறுசுறுப்பு வந்துவிட்டது. ஆர்வம் வந்து என் உயிரை வாங்குகிறது. நாம் என்ன செய்யப்போகிறோம்? அடுத்த வாரம் கூட்டம் போட்டு, அவர்கள் போகும் இடத்தைக் கண்டுபிடித்து, அங்கே ஒரு பெரியவரை நிறுத்தலாமா என்று வாக்கெடுக்கப்போகிறோம்.

தோர்கைர் கையைத் தூக்குகிறார். சொல்லுங்கள்.

"விழுந்து வச்சா யாரு பாக்குறது ஒட்வார்? உன் பொண்ணுந்தானே போறா?"

நியாயமான கேள்வி. எனக்கும் அந்தப் பயம் உண்டு. ஆழமான தண்ணீர் எது, உளுத்த கிளை எது என்று சொல்லிக்கொடுப்பது நம் கடமை. எத்தனை மணிக்குள் வீடு திரும்ப வேண்டும் என்று கண்டிப்பதும் நம் கடமை. சொல்லிக்கொடுத்த பிறகு நம் வேலையைப் பார்த்துக்கொண்டு போவதும் நம் கடமைதான் நண்பரே. அந்தக் கடைசிக் கடமையைத்தான் நம்மால் செய்யவே முடியவில்லை.

கேக் மேசையிலிருந்து ஏதோ குரல் வருகிறதே.

"உன் கால்சட்டைக்கே பாதுகாப்பில்ல, நீ பேச வந்துட்ட."

அம்மணி, என் அடுத்த வரியை நீங்களே எடுத்துக் கொடுத்துவிட்டீர்கள். தேர்ந்த தையற்காரர் தைத்த பொத்தான் தெறித்துவிட்டது. ஒன்பது வயதுக்காரி போட்ட முடிச்சு இன்னும் நிற்கிறது. இந்த முடிச்சை அவள் எந்த அட்டவணையில் கற்றாள்? எந்த மேற்பார்வையாளர் கற்றுக்கொடுத்தார்? எந்த ரப்பர் தரையில் பழகினாள்?

இதோ, இடுப்பிலிருந்து கையை எடுக்கிறேன். இரண்டு கைகளையும் உயர்த்துகிறேன். தாய்மார்கள் விரும்பினால் கண்ணை மூடிக்கொள்ளலாம்.

நிற்கிறது.

அடுத்த வாரம் வாக்குக்குக் கை தூக்கும்போது இந்தக் கயிற்றை நினையுங்கள். அவர்கள் உலகத்துக்கும் ஒரு கதவு உண்டு என்று நினையுங்கள். தட்டுவோம். திறந்தால் நுழைவோம். திறக்காவிட்டால் திரும்பி வந்து, சூடாகச் சாப்பாடு செய்து வைத்துக் காத்திருப்போம்.

பொறுமையாய்க் கேட்ட பெரியோருக்கும், பொறுமையில்லாமல் கேட்ட தோர்கைருக்கும், பொத்தானை இன்னும் தேடிக்கொண்டிருக்கும் டூபாக்காரப் பெண்ணுக்கும் நன்றி கூறி விடைபெறுகிறேன். வணக்கம்.

மேடையிலிருந்து இறங்கினேன். தோர்கைர் தோளில் கைபோட்டார்.

"நல்லாத்தான் பேசின. எனக்கு மட்டும் சொல்லு, பிள்ளைங்க எங்கதான் போறாங்க?"

குனிந்து பார்த்தேன். கயிற்றின் புரிகளுக்குள் நீலக் களிமண் காய்ந்து அப்பியிருந்தது. நம் ஊரில் அந்த மண் வெளியே தெரிகிற இடம் ஒன்றே ஒன்றுதான். ஐஸ்கிரீமை நக்குவதை நிறுத்திவிட்டு, தீரில் தூரத்திலிருந்து என்னையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

மேலங்கியை இழுத்துக் கயிற்றின் மேல் விட்டேன். 'மரம் அறுக்கும் பழைய ஆலைக்குக் கீழே, ஓடை வளைகிற இடத்தில்' என்ற சொற்கள் நாக்கு நுனி வரை வந்து நின்றன.

"கேக் தீந்துடும், வா" என்றேன்.