பெர்னிஸின் பதினோரு முட்கள்

உன் அப்பா காபி அதிகம் குடிப்பார் என்பது உனக்குத் தெரியாததல்ல, கிரெட்சன். விடிந்ததும் வாபாஷ் ஆற்றில் படகை இறக்கினால், எட்டு மணிக்குள் ஒரு ஃபிளாஸ்க் காலியாகிவிடும். அதன்பின் மணிக்கொரு தரம் கரையேறி மரங்களுக்குப் பின்னால் போவார். போய்வர முன்பெல்லாம் ஐந்து நிமிடம் ஆகும், இந்த வயதில் ஏழு. நான் செய்ததெல்லாம் அந்த நிமிடங்களில்தான்.

ஞாயிற்றுக்கிழமை உங்கள் கராஜ் சுவரிலிருந்து அந்தப் பலகையைக் கழற்றிவந்து என் சமையலறை மேசையில் வைத்தாய். வளைவு போய் ஊசிபோல் நிமிர்ந்த பதினோரு தூண்டில் முட்கள் அதில் வரிசையாக இருக்கின்றன. ஒவ்வொன்றின் கீழும் உன் அப்பா கையால் எழுதிய தேதி.

"பதினொண்ணுலயும் ஒரே மாதிரி தடம் இருக்கு, வெர்ன் அங்கிள். இது மீனோட பல்லு இல்ல. குறடோட பல்லு," என்றாய்.

எட்டு வருடமாக இந்த ஊரில் ஒருவர் கண்ணிலும் படாதது உன் கண்ணில் பட்டது. உன்னைப் பாராட்டத்தான் தோன்றியது. ஆமாம், பதினொன்றையும் நிமிர்த்தியது நான்தான்.

முதலாவது, உன் அப்பா டெல்மர் வேலையிலிருந்து ஓய்வுபெற்ற கோடையில். உன் அம்மா அரிசோனாவில் வீடு பார்த்துவிட்டாள். உங்கள் வாசல் புல்வெளியில் விற்பனைப் பலகையும் நட்டாயிற்று. கடைசியாக ஒருமுறை மீன்பிடிக்கப் போனோம். அன்று முழுக்க அவருக்கு ஒன்றும் கிடைக்கவில்லை. சிநேகிதனை வெறுங்கையோடு வழியனுப்ப எனக்கு மனம் வரவில்லை. அவர் கரையேறியதும் அவருடைய முள்ளைக் குறடால் நிமிர்த்தினேன். முள்ளுக்கு மேலே ஒரு சாண் தூண்டில் நரம்பை உப்புத்தாளால் தேய்த்தேன். பெரிய கெளுத்தியின் வாயில் சிக்கினால் நரம்பு அப்படித்தான் சொரசொரப்பாகும். பிறகு தூண்டில் கோலைத் தண்ணீருக்குள் தள்ளிவிட்டு அவரைக் கூப்பிட்டேன். மனிதர் ஜிப்பைக்கூடப் போடாமல் ஓடிவந்தார்.

நிமிர்ந்த முள்ளை உள்ளங்கையில் வைத்துத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். "அறுபது பவுண்டு இருக்கும்டா, வெர்ன்," என்றார்.

"கூடவே இருக்கும்," என்றேன். நான் சொன்னது அவ்வளவுதான்.

மறுநாள் விற்பனைப் பலகை புல்வெளியில் இல்லை. அந்த மீனுக்கு உன் அப்பா பெர்னிஸ் என்று பெயர் வைத்தார். அது அவருடைய மாமியார் பெயர். "அந்தக் கெழவியும் இப்பிடித்தான், யார் கைக்கும் சிக்கமாட்டா," என்று ஊரெல்லாம் சொல்லிச் சிரித்தார். அவர் அவ்வளவு சந்தோஷமாக இருந்து நான் பார்த்ததில்லை.

நான் அளவறிந்துதான் செய்தேன். அவருக்குச் சலிப்புத் தட்டும்போது ஒன்று, வருடத்துக்கு ஒன்றோ இரண்டோ. நாலாவது முள்ளின் தேதியை நீ விரலால் தொட்டுக் காட்டினாய். உன் கல்யாணத்துக்கு முந்தின நாள். அவர் பெட்டிகூடக் கட்டி வைத்திருந்தார். ஆனால் கெளுத்திகள் முட்டையிட வரும் ஜூன் மாதத்தில் கல்யாணத்தை வைத்தது யார்? உன்னைக் கைப்பிடித்து அழைத்துப்போக உன் சித்தப்பா இருந்தாரே. படங்களும் நன்றாகவே வந்திருந்தன.

உன் அம்மா மூன்று வருடம் பொறுத்தாள். பிறகு தனியாகக் கிளம்பிவிட்டாள். வாசலில் என்னைப் பார்த்து, "அந்த மீனு செத்துச்சுன்னா ஒரு வார்த்தை சொல்லியனுப்பு, வெர்ன்," என்றாள். சொல்வதாகத் தலையாட்டினேன்.

இதில் உங்களுக்கு என்ன கிடைத்தது என்று கேட்டாய். ஒன்றுமில்லை. தூண்டில் கடைச் சுவரில், அந்த வருடத்தின் பெரிய மீனைப் பிடித்தவர் படத்தை மாட்டுவார்கள். இருபத்திரண்டு வருடம் தொடர்ந்து டெல்மர் படம்தான். பெர்னிஸ் வந்தபின் அவர் வேறெங்கும் தூண்டில் போடுவதில்லை. அவளைத் தவறவிட்டதாக நினைக்கும் அந்த ஒரே ஆற்றுப் பள்ளத்தில், கையகல உயிர்மீனை இரையாக மாட்டி நாள் முழுக்க உட்கார்ந்திருப்பார். அத்தனை பெரிய இரையை மற்ற மீன்கள் சீண்டாது. எட்டு வருடமாகச் சுவரில் என் படம் இருக்கிறது. அதற்கும் இதற்கும் சம்பந்தமில்லை.

இந்தச் சனிக்கிழமை விமானத்தில் அவர் வராவிட்டால் விவாகரத்துப் பத்திரத்தில் கையெழுத்துப் போடுவேன் என்று உன் அம்மா சொல்லிவிட்டாள். உன் அப்பாவும் ஒருவழியாகச் சம்மதித்து, பெட்டியைக் கார் டிக்கியில் ஏற்றிவிட்டார். போன இடத்திலிருந்து அவர் திரும்பி ஓடிவந்துவிடக் கூடாது, அதனால் அதற்குள் உண்மையைச் சொல்லிவிடுங்கள் என்று நீ கண்கலங்கக் கேட்டாய். நீ கேட்டு நான் எதையும் மறுத்ததில்லை.

நேற்றுக் காலை படகில் வைத்தே சொன்னேன். "டெல்மர், பெர்னிஸ்னு ஒரு மீனே கிடையாது. பதினோரு முள்ளையும் நிமித்தினது நான்தான்."

இந்த ஆற்றில் நாற்பது வருடம் தூண்டில் போட்டவர்கள் நாங்கள். எவனாவது ஓரிடத்தைக் காட்டி இங்கே மீனே இல்லை என்று சத்தியம் செய்தால், அங்கேதான் நங்கூரம் போடுவோம். பேச வாயெடுக்கும்போதே எனக்கு அது ஞாபகம் இருந்தது.

"அடப்பாவி," என்றார். "நான் சனிக்கிழமை பிளேன் ஏறுனதும் நீ தனியா வந்து அவளத் தூக்கிரலாம்னு பாக்கிறியா?"

குறடை எடுத்துக் காட்டினேன். உப்புத்தாளையும் காட்டினேன். என் அம்மா மீது ஆணையிட்டேன். ஆணையிட ஆணையிட அவர் முகம் சிவந்துகொண்டே போனது.

"கூடவே உக்காந்திருந்து குழி பறிச்சிட்டியேடா. அவ கெடைக்கிற வரைக்கும் நான் இந்த எடத்த விட்டு அசையமாட்டேன், போ."

வீட்டுக்குப் போனதும் டிக்கியைத் திறந்து பெட்டியை இறக்கிவிட்டார். இன்று காலை தூண்டில் கடையில் புது நரம்பு வாங்கிக்கொண்டிருந்தார். என்னிடம் முகம் கொடுத்துப் பேசவில்லை. கோபம் தணிந்துவிடும், எங்கே போகப்போகிறார்?

விமானச் சீட்டை நீ ரத்து செய்துவிடலாம். கொடுத்த வாக்கை நான் காப்பாற்றிவிட்டேன். மனசு லேசாக இருக்கிறது, கிரெட்சன். உண்மையைச் சொல்வது இத்தனை சுலபம் என்று தெரிந்திருந்தால், முதல் வருடமே சொல்லியிருப்பேன்.