நிஜமாகவா என்று கேட்ட பெட்டி

அடுத்தவர் முதுகுக்குப் பின்னால் உட்கார்ந்திருப்பதுதான் என் வேலை. வேறொரு கிரகத்தில் ஊர்ந்துகொண்டிருந்த எந்திர வண்டிக்கு மறுநாள் வேலைகளை வகுத்துத் தரும் மென்பொருளை நான் வடிவமைத்தேன்; அதை ஆட்கள் எப்படிக் கையாளுகிறார்கள் என்று பின்னாலிருந்து பார்ப்பேன். அதில் திட்டம் போடுகிறவரை ஆபீஸே வண்டியம்மா என்றுதான் கூப்பிடும். பெற்ற பிள்ளை தும்மினால்கூட, வண்டிக்குக் குளிருமே என்று கவலைப்படுகிற ஆள்.

அவருக்கு ஒரு பழக்கம். பாட்டரி போதாது என்பதால், வண்டி குளிரில் உறையாமல் காக்கும் இரவுச் சூட்டை முதலில் திட்டத்திலிருந்து எடுத்துவிடுவார். அந்த இடத்தில் படம் எடுப்பது, மண் தோண்டுவது எல்லாவற்றையும் அடுக்கிப் பார்ப்பார். கடைசியில் எதையாவது தள்ளிவிட்டுச் சூட்டைத் திரும்ப வைப்பார். அதுவரை என் சிவப்பு எச்சரிக்கைப் பெட்டி திரையில் எட்டிப் பார்த்துக் கேட்டுக்கொண்டே இருக்கும்: 'இரவுச் சூடு இல்லை. நிஜமாகவா?'

“அண்ணே, என் மாமியாரே தேவலை. அவங்க ஒரு தடவைதான் கேப்பாங்க. இதை எடுத்துத் தொலைங்களேன்.”

“எடுத்துட்டா மறந்துட மாட்டீங்களே?”

“என் வண்டிய நான் மறப்பனா?”

எடுத்தேன். சோதனைக்காக, அவர் திரையில் மட்டும். எங்கள் இருவரைத் தவிர யாருக்கும் தெரியாது. அவர் முகம் தெளிந்தபோது, சூரியனையே துடைத்து மாட்டியவன் போல நடந்தேன்.

ஒரு மாலை, ஏதோ பாறையைப் படம் பிடிக்கும் ஆசையில், சூட்டை வைக்காமலே அவர் திட்டத்தை அனுப்பப் போனார். நான் பின்னால்தான் இருந்தேன். எங்கள் தொழிலில் ஒரு விதி: பயன்படுத்துகிறவர் தடுமாறும்போது வாய் திறக்கக் கூடாது, திறந்தால் சோதனை கெட்டுவிடும். பெட்டி இல்லாமலே நினைவு வருகிறதா என்று பார்த்தேன். வரவில்லை. அனுப்பியதைத் திரும்பப் பெற அப்போதும் நேரம் இருந்தது. சோதனை முடிவு முழுதாக வரட்டும் என்று காபி குடிக்கப் போனேன்.

வண்டி உறைந்துபோனது. பிறகு அது பேசவேயில்லை.

விசாரணைக்கு முன் பெட்டியைப் பழைய இடத்தில் வைத்துவிட்டேன். அது அங்கே இருக்க வேண்டியதுதானே. அதிகாரிகள் தட்டிப் பார்த்தார்கள். அழகாகக் கேட்டது.

“அண்ணே, நீங்க அதை எடுத்துட்டீங்கல்ல?” என்றார் வண்டியம்மா, எல்லார் முன்னாலும்.

“எடுக்கலாம்னு பேசினோம்மா. எடுக்கல. பழக்கதோஷத்துல ‘ஆமா’ன்னு தட்டியிருப்பீங்க.”

தன் வலது கையைத் திருப்பிப் பார்த்தார். பிறகு அதிகாரிகள் பக்கம் திரும்பி, “தட்டியிருப்பேன் போல,” என்றார். வேலை போயிற்று. வண்டியைக் கொன்றது தன் கைதான் என்று இன்றும் நம்புகிறார்.

மேசையைக் காலி செய்தபோது அழுதார். அவ்வளவு பேர் இருந்த அறையில், எழுந்துபோய்த் தண்ணீர் கொடுத்தவன் நான் ஒருவன்தான். மற்றவர்களுக்கு மனிதர்களைப் புரிவதில்லை.