கூட வந்தவர் என்ன உறவு?

எலிசா வைக்கும் கருவாட்டுக் குழம்பை நான் ஒரு நாளும் குறை சொன்னதில்லை, ஐயா. ஒலக்கூரில் யாரை வேண்டுமானாலும் கேளுங்கள். பத்து வருடத்துக்கு மேல் ஒரே வீட்டில் இருந்தோம். அவளைக் கை நீட்டி அடித்ததில்லை. தாலிதான் கட்டவில்லை. என் சம்சாரம் செத்த பிறகு இன்னொருத்தி உரிமையோடு வந்தால் வீட்டில் பங்கு போய்விடுமே என்று மகன் ஜெகதீசன் பயந்தான். நான் கல்லும் மண்ணும் சுமந்து கட்டிய வீடு. அவளும் சுமந்தாள்.

போன தை மாதம் என்னைத் திண்டிவனத்தில் ஒரு வக்கீலிடம் கூட்டிப்போனாள்.

"கல்யாணம்னாலே இந்தாளுக்குக் காய்ச்சல் வந்துடுது சார். சாவுற வரைக்கும் அந்த வூட்டுல இருக்கலாம்னு ஒரு பத்திரமாச்சும் எழுதிக் குடுக்கச் சொல்லுங்க."

வக்கீல் சிரித்தார். "எழுதிக்கினா நல்லதுதாங்க. இல்லன்னாலும், புருசன் பொண்டாட்டியா வாழ்ந்ததுக்கு சாட்சி இருந்தா உங்கள லேசுல வெளிய அனுப்ப முடியாது. ரேஷன் கார்டு, ஆஸ்பத்திரி சீட்டு, எதுல அவர் பேர் இருந்தாலும் வச்சிருங்க."

அவளுக்குச் சந்தோஷம். நான் கவனமாகக் கேட்டுக்கொண்டேன். அறுப்பு முடியட்டும் என்று பத்திரத்தைத் தள்ளிப்போட்டேன். ரேஷன் கார்டில் அவள் பெயர் கண்டமங்கலத்து அண்ணன் வீட்டோடுதான் இருந்தது. அப்படியே இருக்கட்டும் என்றேன்.

நிலக்கடலைக் கொல்லையில் மல்லாட்டை பிடுங்கும்போது எலிசாவை நல்ல பாம்பு கடித்தது. நிலத்தில் நாங்கள் இரண்டு பேர்தான்.

"ஜல்தியா வண்டிய எடுய்யா."

வண்டி வரப்போரம் நின்றது. பெட்ரோலும் இருந்தது. ஆனால் ஆஸ்பத்திரிச் சீட்டில் கூட வந்தவர் என்ன உறவு என்று கேட்டு எழுதுவார்கள். அதனால் அவள் அண்ணன் ஆன்டனிக்குப் போன் செய்தேன். கூடப்பிறந்தவன் சேர்ப்பதுதானே முறை.

"உங்க அண்ணன் வந்துக்கினு இருக்காரு எலிசா."

"அவன் பஸ் புடிச்சி வர்றதுக்குள்ள நான் போய்ச் சேர்ந்துடுவேன். நீதான் இருக்கியே, நீ இட்டுக்கினு போயேன்."

தலையை மடியில் வைத்துக்கொண்டேன். வெயில் படாமல் துண்டைப் பிடித்தேன். அவளுக்கு இமை தொங்கியது, நாக்குக் குழறியது. கடைசியில் என்னைப் பார்த்து என்ன சொன்னாள் என்று புரியவில்லை. ஆன்டனி வந்தபோது மூச்சு இல்லை.

கொண்டுபோயிருந்தால் பிழைத்திருப்பாள். தெரிந்துதான் காத்திருந்தேன், நான் மறைக்கவில்லை. இந்த வாக்குமூலத்தில் அவள் எனக்கு என்ன உறவு என்று எழுத இடம் விட்டிருக்கிறீர்கள். மனைவி என்றே போடுங்கள், ஐயா. அந்த மரியாதையை அவளுக்குத் தர நான் எப்போதும் மறுத்ததில்லை.