என் எலும்பு எனக்கு உதவாதா

திருநெல்வேலியிலிருந்து திருச்செந்தூர் போகும் பேருந்தில் எனக்கு முன்னிருக்கையில் ஓர் அக்காவும் தம்பியும். தம்பிக்கு நாற்பது வயதிருக்கும். உடம்பு மெலிந்து வயிறு மட்டும் வீங்கியிருந்தது, கண்களில் மஞ்சள். ஆஸ்பத்திரியிலிருந்து திரும்பிக்கொண்டிருந்தார்கள்.

“என் எலும்பு எனக்கே உதவாதுன்னுட்டாரேக்கா டாக்டரு,” என்றார் அவர்.

“உதவாதுன்னு எங்கலே சொன்னாரு? எலும்பு மஜ்ஜையில இருந்து செல்லு எடுத்து ஈரல்ல விடுதது இன்னும் ஆராய்ச்சியிலதான் இருக்கு, அத நம்பி நாளக் கடத்தாதீங்கன்னாரு. ஈரல் மாத்துததுதான் வழியாம்.”

“மாத்தணும்னா இன்னொரு ஆள அறுக்கணும்லா.”

“என்னையத்தான் அறுத்து ஈரல்ல ஒரு துண்டு எடுக்கப்போறாவ. எல்லாம் ஒத்துப்போகுதுன்னு சொல்லிட்டாவல்லா.”

“அதான் வேண்டாங்கேன். மஜ்ஜைன்னா என் ஒடம்போட போயிரும். பிள்ளைய வச்சிருக்கவ நீ எதுக்குக்கா கத்திக்குப் படுக்கணும்?”

அந்த அம்மாள் சேலைத் தலைப்பால் முகத்தை அழுந்தத் துடைத்துக்கொண்டார்.

“எனக்கு அலுத்துப்போச்சுலே. கத்திக்கு நான் பயப்படல. நீ வேண்டாம் வேண்டாம்னு சொல்ல, ஒவ்வொரு தடவையும் ஒங்கிட்ட கெஞ்சுதேன் பாரு, அதுதான் முடியல.”

பேருந்து ஶ்ரீவைகுண்டம் தாண்டியது. அக்கா ஜன்னல் கம்பியில் தலையைச் சாய்த்துக் கண்ணை மூடியிருந்தார்.

“சரிக்கா, மாத்திக்கிடுவோம்,” என்றார் தம்பி, மெதுவாக. அக்கா கண்ணைத் திறக்கவில்லை.

இறங்கவேண்டிய ஊர் வந்ததும் அக்காவின் தோளைத் தொட்டு எழுப்பினார்.

“எக்கா, நான் சரின்னேன்.”

“கேட்டுச்சுலே. பைய, பாத்து எறங்கு.”