இரண்டாவது ஊசி

— போட்டாச்சுன்னு சொல்றேன் இல்ல? காலையிலேயே வந்து போட்டுட்டுப் போயிட்டா.

— யாரும்மா?

— யாரா? உன்கூட வேலை பாக்கற காலை ஷிப்ட் நர்ஸ்தான். வேற எவ என் வயித்துல ஊசி குத்தப் போறா?

— இல்லீங்கம்மா. அவங்க இன்னிக்குப் பாதியிலேயே கிளம்பிட்டாங்க. பொண்ணு ஸ்கூலுக்குப் போற வழியில சைக்கிள்லருந்து விழுந்துட்டாளாம். ஆஸ்பத்திரிக்கு ஓடியிருக்காங்க. அவங்க விட்டுட்டுப் போன வீடுகளைத்தான் நான் பாத்துக்கிட்டு வரேன்.

— ஐயோ பாவம். அடி பலமா?

— கை உடைஞ்சிருக்குன்னு சொன்னாங்க. நீங்க பேச்சை மாத்தாதீங்க. வயித்துப் பக்கம் துணியைக் கொஞ்சம் விலக்குங்க.

— மாட்டேன்.

— அம்மா, ஒரு நிமிஷம், ஒரு நிமிஷம். எங்க ரெண்டு பேருக்கும் பொதுவான இந்த ஆர்கனைசரைப் பாருங்க. உங்க பேர் இருக்கு. பக்கத்துல ஒரு சின்னக் கட்டம். ஊசி போட்டதும் இந்தக் குச்சியால கட்டத்தைத் தொடுவோம், டிக் விழும். உங்களுக்கு விழலை.

— உன் மூஞ்சியே எனக்குப் புகை மாதிரிதான் தெரியுது. இதுல உள்ளங்கை அகலத்துக்கு ஒரு டப்பாவை நீட்டி, கட்டத்தைப் பாரு, குச்சியைப் பாருங்கறே. நல்ல ஆளுப்பா நீ.

— சரி, நான் பாத்துச் சொல்றேன். டிக் இல்லை.

— அப்ப அவ தொட மறந்திருப்பா. அவசரத்துல ஓடினவதானே?

— அவங்க மறக்கிற ஆளே இல்லைம்மா. கை கழுவ மறந்தாலும் டிக் போட மறக்க மாட்டாங்க.

— அப்ப நான் பொய் சொல்றேனா?

— நான் அப்படிச் சொல்லலை.

— சொல்லலை, ஆனா நினைக்கிறே. இருபத்தெட்டு வருஷம் டெலிபோன் எக்ஸ்சேஞ்சில உக்காந்தவ நான். குரலைக் கேட்டாலே போதும், ஆள் எதை முழுங்கறான்னு தெரிஞ்சுடும் எனக்கு. புரியுதா?

— அப்ப நானே சொல்லிடறேன். போன மாசம் இதே நாற்காலியில உக்காந்துகிட்டு, இதே மாதிரிதான் "போட்டாச்சு தம்பி"ன்னீங்க. நானும் தலையை ஆட்டிட்டுப் போயிட்டேன். ஒரு நாள் இல்லை, மூணு நாள். உங்க தங்கச்சி வந்து பாத்தப்ப சமையலறைத் தரையில கிடந்தீங்க. சர்க்கரை நானூத்தி எண்பது.

— அது பொய்தான். ஒத்துக்கறேன்.

— ஏன்மா அப்படிப் பண்ணீங்க?

— தொட்டுப் பாரு என் வயித்தை. குத்திக் குத்திக் கல்லு கல்லா இருக்கு. ரெண்டு நாள் விட்டு வெப்போமேன்னு இருந்துச்சு. அவ்வளவுதான். சாகணும்னு எல்லாம் நினைக்கலை.

— உங்களுக்கு மூணு நாள் லீவு. எனக்கு ஆபீஸ்ல எழுத்துல குடுத்தாங்க. "இனிமே பேஷன்ட் வாயால சொல்றதை வெச்சு முடிவு எடுக்காதே. ஆர்கனைசர்ல டிக் இருந்தா விடு, இல்லைன்னா போடு"ன்னு. கையெழுத்தும் வாங்கிக்கிட்டாங்க.

— என்னால வந்ததா அது?

— விடுங்க. பழைய கதை.

— விட முடியுமா? சொல்லு சொல்லு. உன் வீட்டுல தெரியுமா?

— தெரியும். அன்னிலருந்து என் பொழைப்பே இதுக்குள்ளதாம்மா. வீட்டுக்காரிக்கு மாத்திரை, எங்கம்மாவுக்கு போன், குப்பை வெளியில வெக்கிற நாள், எல்லாத்தையும் இதுலதான் போட்டு வெச்சிருக்கேன். நம்ம மண்டையை நம்ப வேண்டாம்னு விட்டுட்டேன்.

— பொண்டாட்டிகிட்ட ரெண்டு வார்த்தை பேசறதுக்கும் மணி அடிக்குமா?

— சிரிக்காதீங்க. அதுவும் ஒரு நாள் போட்டிருந்தேன். அவ பாத்துட்டு ஒரு வாரம் பேசலை.

— பேசற வேலை மிச்சம். சரி, இப்ப என்ன கீச்சுக் கீச்சுன்னு கத்துது?

— இதுதான். "காஸ் சிலிண்டருக்குச் சொல்லணும்"னு ஞாபகப்படுத்துது. அணைச்சுட்டேன். வாங்கம்மா, எனக்கு இன்னும் ஆறு வீடு இருக்கு. இருபது யூனிட், ஒரு நொடி வேலை.

— கையை எடு. எடுன்னு சொன்னேன். உனக்கு ஒரு வழி சொல்றேன். முதல்ல சர்க்கரை பாரு. ஊசி போடாதவளுக்கு டிபன் சாப்பிட்ட பிறகு எவ்வளவு இருக்கணும்?

— உங்களுக்கா? முந்நூறைத் தாண்டும்.

— அப்ப குத்து விரல்ல. அந்த மெஷின் மேஜை டிராயர்ல இருக்கு. வயித்தைத்தான் தர மாட்டேன், விரலைத் தரேன்.

— சரி, குடுங்க. ... ஆச்சு. பஞ்சை அழுத்திப் பிடிங்க.

— எவ்வளவு?

— நூத்திப் பதினொண்ணு.

— பாத்தியா?

— நேத்துப் போட்டது இன்னும் வேலை செய்யலாம். நீங்க சாப்பிடாமக்கூட இருந்திருக்கலாம்.

— நீ நர்ஸா வக்கீலாடா?

— ஒரு நிமிஷம்மா. இந்த மெஷின்ல பழைய கணக்கு இருக்கும். பட்டனை அழுத்தினா முன்னாடி எப்பெப்பப் பாத்தாங்கன்னு... இது இப்பப் பாத்தது. இதுக்கு முன்னாடி...

— என்ன ஆச்சு?

— இன்னிக்குத் தேதி. காலையில ஏழு நாப்பத்திரெண்டு. இருநூத்தி ஆறு.

— யார் பாத்திருப்பா அதை? எனக்கு அந்தப் பட்டன் எங்கே இருக்குன்னுகூடத் தெரியாது.

— அவங்க வந்திருக்காங்க.

— இதைத்தானே கதவைத் திறந்ததுலருந்து சொல்லிக்கிட்டிருக்கேன்! நல்லவேளை. இன்னொண்ணு போட்டிருந்தா நான் இந்நேரம் தரையில. ஊசியை மூடி வை. உக்காரு, தண்ணி குடி. ஏன் அந்த டப்பாவையே தட்டிக்கிட்டிருக்கே?

— காஸ்.

— என்ன காஸ்?

— சிலிண்டருக்கு நேத்து ராத்திரியே சொல்லிட்டேன்மா. சொல்லிட்டு அதை அழிச்சேன். ராத்திரி இது என்கிட்டதான் இருக்கும். காலையில அவங்ககிட்ட குடுத்துடுவேன். அழிச்சது எப்படித் திரும்பக் கத்தும்?

— என்னை ஏன் கேக்கறே? லைன்ல யாரும் இல்லை, நீயே பதில் சொல்லு.

— ஆபீஸ்ல அவங்க விட்டுட்டுப் போன இதை, அங்கே இருக்கிற பொண்ணு இன்னிக்கு என் கையில குடுக்கும்போது ஒண்ணு சொன்னா. "பேட்டரி சுத்தமா இறங்கி எல்லாம் போயிடுச்சு, நான் கம்ப்யூட்டர்லருந்து மறுபடி ஏத்திட்டேன்"னு. நான் சரின்னு வாங்கிப் பையில போட்டுக்கிட்டு வந்துட்டேன். கம்ப்யூட்டர்ல இருந்தது நேத்து சாயங்காலம் ஏத்தினது. இன்னிக்குக் காலையில அவங்க போட்ட டிக் எதுவும் இதுல இல்லை. ஒண்ணுகூட இல்லை.

— அப்ப மத்த வீட்டுக்கும் அவ போயிட்டு வந்திருப்பா?

— போயிருப்பாங்க.

— தம்பி. எனக்கு முன்னாடி எத்தனை வீட்டுக்குப் போனே?

— ஒண்ணு.

— யாரு?

— ரெண்டு தெரு தள்ளி, ரிட்டையர்டு பஸ் கண்டக்டர். தனியா இருக்கார். முப்பது யூனிட் போட்டேன்.

— எப்ப?

— முக்கால் மணி நேரம் இருக்கும்.

— அவர் வாயைத் திறந்து ஒண்ணும் சொல்லலையா?

— அவர் தூக்கத்துல இருந்தாரும்மா. போட்டுட்டுக் கதவைச் சாத்திட்டு வந்துட்டேன்.

— எந்திரி. நடுங்கறதுக்கு அப்புறமா நேரம் ஒதுக்கிக்கலாம். என் போனை இழுத்து என் மடியில வை. அவர் நம்பர் அந்த டப்பாவுல இருக்கா?

— இருக்கு.

— ஒவ்வொரு எண்ணா சொல்லு. கண்ணு போனாலும் விரல் போகலை. ... ம். ... ம். ... அடிக்குது.

— எடுத்தாரா?

— அடிச்சுக்கிட்டே இருக்கு. பன்னெண்டு தடவை ஆச்சு. இனி எடுக்க மாட்டார். அக்கம்பக்கம் யார் நம்பராவது இருக்கா?

— "மாடி வீடு"ன்னு ஒண்ணு இருக்கு. இந்தாங்க, சொல்றேன்.

— ... ம். அடிக்குது. எடுத்துட்டாங்க. ரிசீவரைப் பிடி, நீ பேசு. மெதுவா பேசு, தெளிவா பேசு.

— ஹலோ! நான் கீழ் வீட்டுக்கு வர்ற நர்ஸ் பேசறேங்க. உடனே கீழே போய் அவரைப் பாக்கணும். கதவு தாழ் போடலை, தள்ளினாலே திறக்கும். ... இல்லீங்க, விளக்கம் அப்புறம் சொல்றேன். ஓடுங்க, போனை வெச்சுடாதீங்க!

— போயிட்டாங்களா?

— போயிட்டாங்க. செருப்புச் சத்தம் கேக்குது.

— கட் பண்ணாதே. காத்துக்கிட்டிரு. மூச்சை விடு.

— ... ஹலோ? சொல்லுங்க. கட்டில்லருந்து கீழேயா? வேர்த்திருக்கா? கண்ணைத் திறக்கிறாரா? பேரைச் சொல்லிக் கூப்பிட்டுப் பாருங்க, பதில் சொல்றாரா? ... முனகறாரா. சரி. கேளுங்க. உக்கார வைங்க. தண்ணியில சர்க்கரையை அள்ளிப் போட்டுக் கலக்குங்க. முழுங்க முடிஞ்சா மட்டும் ஒவ்வொரு வாயா குடுங்க. முழுங்கலைன்னா ஊத்தவே ஊத்தாதீங்க, ஒருக்களிச்சுப் படுக்க வைங்க. உங்க வீட்டுக்காரரை ஆம்புலன்ஸுக்குப் போன் பண்ணச் சொல்லுங்க. இன்சுலின் ரெண்டு தடவை போயிடுச்சுன்னு சொல்லணும். ரெண்டு தடவை. மறந்துடாதீங்க!

— நீ கிளம்பு. பையை விட்டுட்டு ஓடு. மத்த வீட்டு ஆளுங்களுக்கு ஆபீஸ் மூலமா நான் சொல்லிக்கறேன்.

— அம்மா...

— ஓடுடா!

*

— கதவு திறந்துதான் இருக்கு. வா. நடையை வெச்சே நீதான்னு தெரிஞ்சுடுச்சு. எப்படி இருக்கார்?

— பொழைச்சுட்டாரும்மா.

— அப்பாடா. உக்காரு முதல்ல.

— நான் போய்ச் சேந்தப்ப சர்க்கரை நாப்பத்தி ஒண்ணு இருந்துச்சு. பாதி டம்ளர் குடிச்சிருந்தார், அதுக்கு மேல வாய் திறக்கலை. ஆம்புலன்ஸ்ல குளுக்கோஸ் ஏத்தினாங்க. இப்ப நூத்தி நாப்பது. மூக்குக்கண்ணாடி எங்கேன்னு கேட்டுச் சண்டை போட்டுக்கிட்டிருக்கார். ரெண்டு நாள் அங்கேயே வெச்சிருப்பாங்களாம்.

— சண்டை போட்டா நல்லா இருக்கார்னு அர்த்தம். உன்னை ஏதாவது சொன்னாரா?

— காலையில நடந்தது எதுவுமே ஞாபகம் இல்லையாம். நான் வந்ததே ஞாபகம் இல்லைன்னார். "நீதான் காப்பாத்தினியாமே தம்பி"ன்னு என் கையைப் பிடிச்சுக்கிட்டார்.

— உண்மைதானே? நீ யோசிச்சதாலதான் ஆள் இருக்கார். அந்த காஸ் விஷயம் வேற எவனுக்காவது உறைச்சிருக்குமா? அப்படியே விட்டுட்டு அடுத்த வீட்டுக்குப் போயிருப்பான்.

— பையை எடுத்துக்கிட்டுப் போகலாம்னுதான் வந்தேன்மா.

— இரு, போகலாம். உன் ஆபீஸ்லருந்து எனக்கு ரெண்டு தடவை போன் வந்துச்சு. முதல்ல அந்தப் பொண்ணு, அப்புறம் உங்க பெரியவர். நான் ஒண்ணும் விடாம சொல்லிட்டேன். பேட்டரி போனது, பழசை ஏத்தினது, யாரும் உனக்கு எச்சரிக்கை குடுக்காதது. வாயால கேக்காதேன்னு எழுதி வாங்கினதே நீங்கதானேன்னும் கேட்டேன்.

— நீங்க ஏன்மா இதெல்லாம்...

— பின்னே? போன மாசம் என் பொய்யால நீ மாட்டினே. இந்த மாசமாவது உண்மையைச் சொல்லி உன்னைக் கரையேத்த வேண்டாமா? கோளாறு மெஷின்லதான், நர்ஸ் மேல ஒண்ணும் வராதுன்னு அவரே சொல்லிட்டார். நாளைக்கு வழக்கம்போல வேலைக்கு வரலாமாம். ஒரு பக்கம் எழுதிக் குடுத்தா போதுமாம். கண்ணு இருந்தா நானே எழுதியிருப்பேன். என்னப்பா, லைன்ல இருக்கியா?

— இருக்கேன்மா.

— அழறியா என்ன? அட, அதான் சொல்லிட்டேனே, உன் மேல தப்பே இல்லைன்னு. பெரியவர்கிட்ட நான் கடைசியா கேட்டது ஒண்ணே ஒண்ணுதான். தூங்கிக்கிட்டிருக்கிற மனுஷன்கிட்ட இந்தத் தம்பி எதைக் கேட்டுத் தெரிஞ்சுக்க முடியும், நீங்களே சொல்லுங்கன்னேன்.

— அவர் தூங்கலைம்மா. "காலையிலேயே போட்டாச்சு தம்பி"ன்னு ரெண்டு தடவை சொன்னார். உங்களை மாதிரியேன்னு நினைச்சுச் சிரிச்சுக்கிட்டே அவர் கையை விலக்கிட்டுப் போட்டேன்.