மதகடியில் அமர்ந்த மீன்பிடிப் பூனை

இந்த விகாரை மண்டபத்தை நமக்குத் திறந்துவிட்ட துறவியார் அவர்களே, தலைமையேற்றிருக்கும் ஊர்த்தலைவர் விச்சியன் அவர்களே, உப்பங்கழியையும் மீன்குளத்தையும் தம் உள்ளங்கையைப் போல் அறிந்த பெரியோர்களே, குளத்துக்கு இரை வீசிவிட்டு ஈரம் காயாத கையோடு வந்திருக்கும் தாய்மார்களே, பின்வரிசையில் பொறியை மடியில் வைத்துக்கொண்டு அமர்ந்திருக்கும் இளைஞர்களே, உங்கள் அனைவருக்கும் என் வணக்கம்.

பிரானொம் அக்கா கொடுத்த மனு தலைவரின் மேசையில் இருக்கிறது. அவருடைய குளத்துக் கொடுவா மீனில் பாதியைக் காணவில்லை. மதகடியில் தினமும் ஒரு மீன்பிடிப் பூனை உட்கார்ந்திருக்கிறது. ஆகவே அதைப் பொறி வைத்துக் கொல்ல வேண்டும் என்கிறது மனு. இன்று நீங்கள் கை தூக்கி முடிவெடுக்கப் போகிறீர்கள். சட்டம் தடுக்கிறது என்று சொல்லிவிட்டு, உங்கள் ஊர்ப் பள்ளி டீச்சரான நான் அமர்ந்துவிடலாம். ஆனால் எந்தப் பொறியும் சட்டம் படித்ததில்லை. அதனால் பூனையைப் பற்றியே பேசுகிறேன். அதன்மேல் அன்பு வையுங்கள் என்று கேட்க நான் வரவில்லை. அதற்கும் உங்கள்மேல் அன்பு கிடையாது.

சுமார் மூன்று கோடி ஆண்டுகளுக்கு முன் மரநாயைப் போன்ற ஒரு சிறு விலங்கு காட்டில் வாழ்ந்தது. அந்த வழியில் வந்தவைதான் புலியும், சிறுத்தையும், உங்கள் அடுப்படியில் உறங்குவதும். காலம் அதனிடமிருந்து ஒவ்வொன்றாகக் கழற்றிக்கொண்டது. அரைக்கும் பல்லை எடுத்தது. அதனால் அதற்கு மெல்லத் தெரியாது, வெட்டி விழுங்கத்தான் தெரியும். இனிப்பை உணரும் நாவையும் எடுத்தது.

"எங்க வீட்டுப் பூனை ஐஸ்கிரீம் தின்னுதே டீச்சர்?" என்கிறார் முன்வரிசை அம்மா. அது பாலின் கொழுப்புக்காக, அம்மா. சர்க்கரை உங்களுக்காக.

எடுத்ததற்கு ஈடாகக் காலம் கொடுத்தது என்ன? மங்கிய ஒளியிலும் மங்காத கண். புல்லுக்குள் எலி புரள்வதைக் கேட்கும் காது. முன்கால் பதிந்த தடத்திலேயே பின்காலை வைக்கும் நடை. இரையின் கழுத்தெலும்புகளுக்கு நடுவே இடம் பார்த்து இறங்கும் கோரைப்பல். மீன்பிடிப் பூனைக்கு இன்னும் கொஞ்சம் கூடுதல்: விரல்களுக்கிடையே அரைகுறைச் சவ்வு, உள்ளே இழுத்தாலும் நுனி வெளியே தெரியும் நகம், நீர் ஊறாத அடிமயிர். ஆனால் எந்தப் பூனைக்கும் காலம் கொடுக்காத ஒன்று உண்டு. அதற்கு நீண்ட ஓட்டம் தாங்காது. ஓட முடியாதது என்ன செய்யும்? காத்திருக்கும். எங்கே காத்திருக்கும்? இரை தானாக வரும் இடத்தில்.

இங்கேதான் எனக்கு ஐயம் வந்தது. அதன் எடை பத்துக் கிலோ. நாளுக்கு ஒரு கிலோ மீன் தின்றால் அதற்குப் போதும். பாதிக் குளத்தை அது எந்த வயிற்றில் வைத்தது? ஒன்றரை ஏக்கர்க் குளம் இருக்க, ஏன் ஒரே மூலையில் உட்கார்ந்தது? அதுவும் ஏன் கரையின் வெளிப்பக்கம் பார்த்தபடி?

முந்தாநாள் பௌர்ணமி. விடிந்ததும், கடல் வற்றியிருந்த நேரத்தில், அக்காவைக் கூப்பிட்டேன்.

"புனித நாள்ல யாராவது குளத்துக்குப் போவாங்களா? கோயிலுக்கு, துறவிங்களுக்குச் சோறு கொண்டுபோகணும், விடு டீச்சர்."

"பார்க்கத்தானே கூப்பிடறேன். பார்க்கிறதுல என்ன பாவம் வரப்போகுது?"

முணுமுணுத்தபடியே வந்தார். எங்களைக் கண்டு பூனை அலையாத்திப் புதருக்குள் நழுவியது. அது உட்கார்ந்திருந்த இடத்துக்கு நேர் கீழே, மதகுப் பலகைக்குப் பக்கத்தில், நண்டு குடைந்த வளை ஒன்று கை நுழையும் அகலத்துக்கு அரித்துப்போயிருந்தது. குளத்து நீர் அதன் வழியே கழிக்குக் கொட்டிக்கொண்டிருந்தது. நீரோடு விரல் நீளக் கொடுவாக் குஞ்சுகள் ஒன்றன்பின் ஒன்றாக வெளியே விழுந்தன. அக்கா அப்படியே குந்திவிட்டார்.

"என் புள்ளைங்களாட்டம் வளர்த்தேனே. இந்த ஓட்டை எப்போ விழுந்துது?"

எப்போது விழுந்தது? அமாவாசைக்கும் பௌர்ணமிக்கும் நாம் கரையில் மண்வெட்டி வைப்பதில்லை. நண்டும் புழுவும் சாகக் கூடாது என்ற நல்ல எண்ணம் அது. ஆனால் கடல் மிக உயரமாக ஏறுவதும் மிக ஆழமாக வற்றுவதும் அதே நாட்களில்தானே? கரை அறுபடுகிற நாளில் கரைப்பக்கம் ஆளே இல்லை. நாம் கோயிலில் கும்பிட்டோம், கரை கசிந்தது, கசிந்த இடத்தில் பூனை காத்திருந்தது. பூனையைப் பார்த்தோம், அது பார்த்ததைப் பார்க்கவில்லை.

அன்றும் அக்கா மண்ணை வெட்டவில்லை. சாக்கைச் சுருட்டி ஓட்டையில் திணித்துவிட்டு, மறுநாள் களிமண் இட்டு மிதித்தார்.

பெரியோர்களே, பூனை மீனைத் தின்றதா? தின்றது. அதை நான் மறைக்கவில்லை. மூன்று கோடி ஆண்டு அதைச் செதுக்கியதே அதற்காகத்தான். ஆனால் குளத்தைக் காலி செய்தது எது? ஓட்டை. ஓட்டையைப் பெரிதாக்கியது எது? ஏறி வற்றும் கடல். கடல் ஏறும் நாளில் கரையைத் திரும்பிப் பார்க்காதவர்கள் யார்? நாம். அப்படியிருக்க, அந்தப் பொறி யாருக்கு?

அக்கா எழுந்து நிற்கிறார். சொல்லுங்கள் அக்கா.

"தலைவரே, மனுவைத் திருப்பிக் கொடுங்க. பொறி வேணாம். ஆனா டீச்சர், அது என் கோழியைத் தொட்டுச்சுன்னா அப்போ வேற பேச்சு. தொடாதுன்னு எழுதிக் கொடுப்பியா?"

மாட்டேன் அக்கா. அது பூனை, தொடும். கூண்டுக் கதவைச் சாத்தி வையுங்கள்.

கை தூக்க வேண்டிய வேலை தீர்ந்தது. அடுத்த அமாவாசைக்குக் கோயிலுக்குப் போகும் வழியில் கரையோரமாக ஒருமுறை நடந்துவிட்டுப் போங்கள்; நடப்பதற்கு மண்வெட்டி தேவையில்லை. இவ்வளவு நேரம் பொறுமையோடு கேட்ட உங்களுக்கு என் நன்றி. வணக்கம்.