நாப்பது செகண்டு

இல்ல பாய், கொஞ்சம் இருங்க. அழிஞ்ச டேட்டா வராதுன்னு ஒரே வார்த்தையில முடிச்சிடாதீங்க. இந்த எஸ்.பி. ரோட்டு கம்ப்யூட்டர் கடைங்கள்ல நீங்க நாலாவது. எப்படி ஆச்சுன்னு முழுசா சொல்றேன், உங்களுக்காவது ஏதாவது தோணுதான்னு பாருங்க.

நாங்க வெப்சைட் பண்றவங்க. இந்த விண்டோஸ் பெட்டிக்குள்ளயே இன்னொரு கம்ப்யூட்டர் ஓடும். ஆமா, விர்ச்சுவல் மெஷின்தான், தெரிஞ்சவர்கிட்டயே சொல்றேன் பாருங்க. கோட் இருக்கறது வெளில, விண்டோஸ் ஃபோல்டர்ல. ஓடறது உள்ள. ஒவ்வொரு ஃபைலுக்கும் அது வெளில வந்து எடுத்துட்டுப் போகணும். ஒரு எழுத்து மாத்துனா பக்கம் தொறக்க நாப்பது செகண்டு! பைத்தியம் பிடிச்சிடும் பாய்.

ரேம் போட்டேன், ஒண்ணும் நடக்கல. ஆன்ட்டிவைரஸ்கிட்ட அந்த ஃபோல்டரைத் தொடாதேன்னு வச்சேன், முப்பத்தஞ்சு ஆச்சு. பழைய ஹார்ட் டிஸ்க்கைக் கழட்டிட்டு எஸ்எஸ்டி போட்டேன். ஆமா, நான்தான். ஹார்ட் டிஸ்க்கா இருந்தா தோண்டி எடுத்திருக்கலாம், எஸ்எஸ்டின்னா அழிச்சதை அதுவே தொடைச்சிடும்னு மூணாவது கடைக்காரர் சொல்லிட்டாரு. தெரிஞ்சுதான் வந்தேன். சும்மா உக்கார முடியல.

கடைசியா கோட் மொத்தத்தையும் உள்ள நகத்திட்டேன். ரெண்டு செகண்டு! எங்க ஓனர் ரகுராம் சார் முதுகுல தட்டிக் குடுத்தாரு.

பேக்கப்பா? தினம் எடுக்குது. விண்டோஸ் ஃபோல்டரை மட்டும். நாலு மாசமா காலி ஃபோல்டரை ஒழுங்கா எடுத்து வச்சிருக்கு, சிரிக்கறதா அழறதா. ஆன்லைன்லயும் இல்ல. ஆஸ்பத்திரி வேலை, வெளில எங்கயும் வைக்கக்கூடாதுன்னு அக்ரிமென்ட்டு.

எங்க லைன்ல ஒரு பழக்கம் பாய். உள்ள இருக்கற மெஷின் மக்கர் பண்ணா நோண்டிட்டு இருக்க மாட்டோம். ஒரே கமாண்டு, மொத்தமா அழிச்சிட்டுப் புதுசா எழுப்பிடுவோம். பத்து நிமிஷ வேலை. கோட் வெளில இருந்த வரைக்கும் ஒண்ணும் ஆகாது. உள்ள வந்தப்பறம் அது தப்பு. ஆனா கைக்குத் தெரியுமா? அது பாட்டுக்கு அடிச்சிடும்.

யாரா? சங்கமித்ரான்னு ஒரு பொண்ணு, சேர்ந்து ஆறு மாசம் ஆகுது. பெட்டி எங்க ரெண்டு பேருக்கும் பொது. புதன்கிழமை காலைல அவதான் ஆன் பண்ணி, எல்லாம் போச்சுன்னு கத்துனா. கடைசியா தொட்டவ அவதானேன்னு சார் மறுநாளே அனுப்பிட்டாரு. நான் சேத்துவிட்ட பொண்ணு பாய். எங்க ஊர் கேஜிஎஃப்தான், ஒரே ட்ரெயின்ல வருவோம். நான் அழிக்கலண்ணா, நீங்களாவது சொல்லுங்கண்ணான்னு பங்காருபேட்டை வரைக்கும் அழுதுட்டே வந்தா. நான் ஜன்னல் பக்கம் திரும்பிட்டேன்.

டேட்டா திரும்பி வந்துட்டா யாரும் எதுவும் கேக்க மாட்டாங்க. அவளையும் கூப்பிட்டுக்குவாங்க. அதுக்குத்தான் கடை கடையா ஏறி இறங்கறேன்.

சரி, விடுங்க. அப்ப ஒரு ரிப்போர்ட் மட்டும் குடுங்க. டேட்டா எடுக்க முடியாதுன்னு ரெண்டு வரி. ஆஸ்பத்திரிக்காரங்ககிட்ட காட்டணும்னு சார் கேட்டாரு. என்ன ஸ்க்ரீன்லயே பாக்கறீங்க? என்னென்ன பண்ணோம்னு பதிஞ்சு வைக்கற லாக்கா? அது விண்டோஸ் பக்கம் தனியா இருக்குமா? அழிச்ச டைம் கூட அதுல இருக்கா?

செவ்வாய்க்கிழமை காலைல பதினொன்னு நாப்பது. ம். சரிதான்.

அதையும் எழுதணுமா பாய்? இல்ல... அன்னிக்கு அவ லீவு. அவ தங்கச்சியப் பொண்ணு பாக்க வந்திருந்தாங்க. ஆபீஸ்ல நான் மட்டும்தான் இருந்தேன். தேதி போடாம குடுங்க பாய், போதும்.